கட்டம், பூ, கோடு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு நாற்பது. மொட்டைமாடிக்கு ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது கொடியில் தொங்கிய என் மகளின் சுடிதார் டாப். அப்போதுதான் அலசிப் போட்டிருந்தார்கள். ஓரத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. உடம்புப் பகுதி காப்பிக்கொட்டை நிறத்தில் சின்னக் கட்டம். கழுத்திலிருந்து மார்பு வரை பச்சையில் மஞ்சள் பூ. கைகள் இரண்டும் சாம்பல் நிறக் கோடு. கீழ் ஓரத்தில் மறுபடியும் அதே மஞ்சள் பூ, பட்டியாக. உள்பக்கத்தை வெளியே திருப்பி உலர்த்தியிருந்ததால் தையல் விளிம்புகளும் தெரிந்தன. பக்கவாட்டு மடிப்புக்குள் கொத்தமல்லி விதை அளவில் ஒரு மஞ்சள் கறை இருந்தது.

நான் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நிருபர்கள் அனுப்பும் செய்தியில் எது விட்டுப்போயிருக்கிறது, எது பொருந்தவில்லை என்று பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. பந்தியில் இலை மாறிப் போட்டிருந்தாலும், பஸ்ஸில் ஊர்ப் பெயரில் ஒற்று விட்டுப்போயிருந்தாலும் என் கண் முதலில் அங்கேதான் போகும். அந்த டாப்பையும் அப்படித்தான் பார்த்தேன். கட்டம், பூ, கோடு, கறை. நான்கும் மனதில் பதிந்தன.

பக்கெட்டோடு என் மனைவி வந்தாள். பெரிய ரோஜாப் பூ போட்ட நைட்டி, அதன் மேல் துப்பட்டாவுக்குப் பதிலாக என்னுடைய கட்டம் போட்ட துண்டு. நான் பச்சைக் கட்டம் போட்ட கைலியில் இருந்தேன். மேலே ஆபீஸ் நாளின் பழைய கோடு போட்ட சட்டை. அந்த மாடியில் ஒன்றோடொன்று பொருந்திய துணி எதுவும் இல்லை. எங்கள் தெருவில் காலையில் பால் வாங்க வருகிற எல்லோரும் இப்படித்தான் வருவார்கள். யாரும் யாரையும் ஒன்றும் சொன்னதில்லை.

"இந்தக் கறை என்ன பண்ணாலும் போக மாட்டேங்குது," என்றாள் மனைவி, டாப்பின் மடிப்பைக் கசக்கியபடி. "நல்லா நாலு தெசைத் துணியையும் ஒண்ணாச் சேத்துத் தச்சிருக்கா ஒங்க தங்கச்சி. தலகாணி ஒறை மாதிரி."

"சம்பந்தியம்மாவுக்குப் பிடிச்சிருக்கே."

"அதனாலதான் வாயை மூடிக்கிட்டுத் தொவைக்கிறேன்."

அது உண்மைதான். மாப்பிள்ளையின் அம்மா என் மகளை முதலில் பார்த்தது திருக்கோகர்ணம் கோயிலில், இந்த டாப்பில். எங்கே எடுத்தது, யார் தைத்தது என்று கேட்டுத்தான் பேச்சு ஆரம்பித்தது. 'மிக்ஸ் அண்ட் மேட்ச் ஆன்ட்டி, எங்க அத்தை தச்சாங்க' என்று மகள் சொல்லியிருக்கிறாள். மறுவாரம் அவர்கள் ஆள் விட்டு விசாரித்தார்கள். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. ஜாதகம் பார்த்தாயிற்று, எல்லாம் பேசியாயிற்று. வருகிற வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறார்கள்.

மனைவி துணியை உலர்த்தி முடித்துவிட்டு, கீழே போகாமல் நின்றாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று தெரிந்தது.

"தட்டு யாரு யாரு தூக்குறதுன்னு பேசணுங்க."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வரும்போது பெண் வீட்டுப் பெண்கள் தட்டோடு எதிரே நின்று அழைப்பார்கள். முதல் தட்டு, தேங்காயும் பூவும் வைத்தது, பெண்ணுடைய அத்தையின் கையில் இருக்கும். என் மகளுக்கு ஒரே அத்தை, என் தங்கை. ஆவூரில் வாடகை வீட்டில் இருக்கிறாள். அங்கே ஒரு நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறாள். பிள்ளைகள் இல்லை. முந்தின வருஷம் ஐப்பசியில் அவள் கணவர் இறந்துவிட்டார்.

"எங்க அக்கா முதல் தட்டு எடுத்துக்கட்டும்," என்றாள் மனைவி. "ஒங்க தங்கச்சி வரட்டும், யாரு வேணாங்குறா. ஆனா அது கட்டிட்டு வர்றதைப் பாத்தீங்கல்ல. சேலை ஒரு பக்கம், ப்ளவுஸ் ஒரு பக்கம். சேலையில கட்டம்னா ப்ளவுஸ்ல பூவு. வர்றவங்க என்ன நெனப்பாங்க? நீங்களே ஒரு எட்டுப் போயி பக்குவமாச் சொல்லிட்டு வந்துருங்க."

நான் சரி என்றேன். உண்மையான காரணம் சேலை இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை இருவரும் சொல்லவில்லை. செய்தியில் 'விதவை' என்று வந்தால் 'கணவரை இழந்தவர்' என்று மாற்றுவேன். அதற்காகப் புதிய நிருபர்களிடம் சத்தம் போட்டும் இருக்கிறேன். மொட்டைமாடியில் அந்தச் சொல்லையே யாரும் எடுக்கவில்லை. மாற்ற எனக்கு எதுவும் இருக்கவில்லை.

தங்கையின் சேலையும் ப்ளவுஸும் ஏன் சேராமல் இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். கணவர் இறந்தால் மனைவிக்குப் பிறந்த வீட்டார் ஒரு புதுச் சேலை எடுத்து வந்து தலையில் போடுவார்கள். அதற்குக் கோடி என்று பெயர். எங்கள் பக்கத்தில் பிறந்த வீட்டோடு நிற்காது. மாமன், மச்சான், பங்காளி என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒன்று வரும். நான் கீழ ராஜ வீதியில் ஒரு கடைக்குப் போய், "துக்கத்துக்கு" என்று மட்டும் சொன்னேன். கடைக்காரர் அடித் தட்டிலிருந்து நான்கைந்தை எடுத்துப் போட்டார். மேலே இருந்ததைக் காட்டினேன். பிரித்துப் பார்க்கவில்லை. அப்படியே பையில் போட்டுக் கொடுத்தார்.

அன்று அவளைச் சுவர் ஓரமாக உட்கார வைத்து, ஒருவர் பின் ஒருவராகச் சேலையைப் போட்டோம். கடைசியில் அவள் முகம் தெரியவில்லை. மடித்த துணி அடுக்குக்குக் கீழே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. அதற்குப் பிறகு அவளுக்குச் சேலைக்குக் குறைவில்லை. ஆனால் அந்தச் சேலைகளோடு வந்த ப்ளவுஸ் துணியை வெட்டித் தைத்துக்கொள்வது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. புருஷன் போன பிறகு அளவு கொடுத்துத் தைக்கிறாளே என்று யாராவது பேசுவார்கள். பழைய ப்ளவுஸ்களைப் போட்டு அவற்றைக் கட்டினாள். கட்டத்துக்குப் பூ, கோட்டுக்குப் புள்ளி. ஊர்ப்பக்கம் பஸ்ஸில் வருகிற எந்தப் பெண்ணும் அதைப் பார்த்தவுடன் படித்துவிடுவாள். நானும் படிப்பேன். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவள் இறங்கி வரும்போது, அவள் முகத்துக்கு முன்னால் அவள் ப்ளவுஸைத்தான் பார்த்திருக்கிறேன். யார் பார்க்கிறார்கள் என்று சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் பையை வாங்கியிருக்கிறேன்.

அன்றே பத்து மணிக்குக் கிளம்பி, பஸ் மாறி ஆவூர் போனேன். பஸ்ஸில் சொல்ல வேண்டிய வாக்கியத்தைத் தயார் செய்தேன். முதலில் நீளமாக இருந்தது. சுருக்கினேன். 'அண்ணி' என்ற சொல்லை எடுத்துவிட்டால் என் மீது பழி வரும் என்று மறுபடி சேர்த்தேன். இறங்கும்போது ஒரே வாக்கியம் மிஞ்சியிருந்தது: வெள்ளிக்கிழமை கொஞ்சம் பொருத்தமாகக் கட்டிக்கொண்டு வரும்படி அண்ணி சொன்னாள்.

பூசை முடிந்து ஆட்கள் கோயிலிலிருந்து கலைந்துகொண்டிருந்தார்கள். தங்கையின் வீட்டுக்காரம்மா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்காமலே, "வாங்க, வாங்க. தங்கச்சி ஊருக்கு இப்பத்தான் ரோடு போட்டாங்களா?" என்றார்.

"வேலை..."

"ரிட்டையராகிட்டீங்கன்னு சொன்னுச்சே? அதுக்கப்புறமும் வேலையா?" சிரித்தார். "பொண்ணுக்குப் பூ வைக்கிறாங்களாம்ல. நாலு நாளா ஒங்க தங்கச்சி மெஷினை விட்டு எறங்கலீங்க. தடதடன்னு ஒரே சத்தம். எங்க வீட்டுக்காரரு, ரயிலு வருதா இங்கிட்டுன்னு கேக்குறாரு."

உள்ளே தங்கை தையல் மெஷின் முன்னால் இருந்தாள். சாம்பல் நிறக் கோடு போட்ட சேலை, சிவப்புப் பூப் போட்ட ப்ளவுஸ். எழுந்தாள்.

"வாண்ணே. அண்ணி வரலையா? மத்தியானம் சாப்பிட்டுத்தான் போகணும், ஆமா. கருவாடு இருக்கு."

"இல்லத்தா, போகணும். நெறைய வேலை கெடக்கு."

"அண்ணி என்னமோ சொல்லி விட்டுருக்கு. ஒன் மொகத்தைப் பாத்தாலே தெரியுது. என்னா?"

தயார் செய்த வாக்கியத்தைச் சொன்னேன். ஒரு சொல் மாறாமல் வந்தது.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "இவ்வளவுதானா? நான் என்னவோன்னு பயந்துட்டேன்." அலமாரியைத் திறந்து ஒரு சேலையை எடுத்துக் கட்டிலில் விரித்தாள். நீலத்தில் வெள்ளைப் புள்ளி. அதன் மேல் ஒரு ப்ளவுஸை வைத்தாள். அதே நீலம், அதே புள்ளி. கை ஓரத்தில் சேலையின் கரையையே வைத்துத் தைத்திருந்தாள்.

"பாரு. மேட்சிங்கு. அண்ணி என்ன சொல்லும்னு எனக்குத் தெரியாதா? அதுக்கு முந்தியே தச்சுட்டேன். யாரு என்ன சொன்னாலும் சொல்லிக்கட்டும்னு வெட்டிட்டேன்ணே, ப்ளவுஸ் பிட்டை. எங்க எல்.கே.ஜி.ல ஒரு வாண்டு கேக்குது, மிஸ், நீங்க ஏன் தெனமும் ரெண்டு சேலை கட்டிட்டு வாரீங்கன்னு. அதுக்கே ரோசம் வந்துருச்சு எனக்கு." ப்ளவுஸை நீவிவிட்டாள். "மொதத் தட்டுல தேங்காயெல்லாம் வச்சாக் கனமா இருக்கும்ல? வெள்ளித்தட்டா, எவர்சில்வரா?"

நான் அந்த ப்ளவுஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தையல் நேராக இருந்தது. குறை சொல்ல எதுவும் இல்லை. என்னிடம் வேறு வாக்கியமும் இல்லை. நான் எடுத்து வந்த ஒரே காரணத்துக்குப் பதில் கட்டிலில் கிடந்தது.

"நல்லாருக்குத்தா," என்றேன். பிறகு, "தட்டை அண்ணியோட அக்கா எடுக்கட்டும்னு ஒரு பேச்சு ஓடுது."

அவள் ப்ளவுஸைக் கையில் எடுத்தாள். ஒரு கையின் மேல் இன்னொரு கையை வைத்து மடித்தாள். மடித்ததைச் சேலைக்குள் வைத்தாள்.

"அப்பத் துணி இல்ல," என்றாள்.

"அப்படியில்ல..."

"துணிதான்னா நான்தான் சரி பண்ணிட்டேனே. அதான் கேக்குறேன்."

நான் தரையைப் பார்த்தேன். மெஷினுக்குக் கீழே பழசும் புதுசுமாக வெட்டி மிஞ்சிய துணி குவிந்திருந்தது. அதில் பாதிக்கு மேல் காப்பிக்கொட்டை நிறத்தில் சின்னக் கட்டம். ஒரு பக்கம் மட்டும் வெட்டாமல் மிஞ்சியிருந்த முந்தி தெரிந்தது.

"இது பாப்பாவோட டாப்புத் துணில்ல?" என்றேன். பேச்சை மாற்ற ஏதாவது கிடைத்ததே என்றுதான் கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தெரியலையா?"

"என்ன?"

"நீ போட்டதுண்ணே. எந்தலையில."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவளே சொன்னாள். என் மகள் தேர்த் திருவிழாவுக்கு அவளோடு தங்க வந்தபோது அலமாரியில் அந்தச் சேலை அடுக்கைப் பார்த்திருக்கிறாள். போனில் ஏதோ படத்தைக் காட்டி, இதே மாதிரி கட்டம், பூ, கோடு எல்லாம் கலந்து தைத்துக் கொடுங்கள் அத்தை என்று பிடிவாதம் பிடித்திருக்கிறாள்.

"ஒடம்புக்கு நீ எடுத்த சேலை. பூவு, சின்ன மாமா வீட்டுல போட்டது. கை ரெண்டும் இந்தா, நான் கட்டிருக்கேன்ல, இந்தச் சாம்பல் கோட்டுச் சேலையோட ப்ளவுஸ் பிட்டு. எனக்கு ஆகாததுதானே, அது கையிலயாச்சும் இருக்கட்டும்னு வச்சேன்."

"அவகிட்டச் சொன்னியா?"

"சொல்லாம இருப்பேனா? இது கோடிச் சேலைடி, ஒனக்கு வேணாம், கடையில வேற எடுத்துத் தாரேன்னேன். கோடியா, அப்பக் கட்டாயம் வேணும்னு பிடுங்கிட்டா. கோடி ரூவான்னு நெனச்சிருக்கா, கழுதை!" சிரித்தாள், சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. "எனக்குத்தான் மனசு கேக்கல. தச்சு முடிச்சு, உள்மடிப்புல ஒரு பொட்டு மஞ்சத் தடவிக் குடுத்தேன். மஞ்ச வச்சுட்டா அது புதுத்துணிதானேண்ணே?"

புதுத்துணி எடுத்தால் ஓரத்தில் மஞ்சள் தடவித்தான் உடுத்துவோம். கோடிக்கு மட்டும் தடவ மாட்டோம். காலையில் நான் கறை என்று குறித்துக்கொண்டது அதுதான்.

ஆபீஸில் ராசிபலன் பக்கத்தை நான் கையால் தொட மாட்டேன் என்பது எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை. அந்தப் பக்கத்தை வேறு யாராவதுதான் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட நான், அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். கொடியில் அது தொங்குவது கண் முன்னால் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அதை எப்படி வீட்டை விட்டு அப்புறப்படுத்துவது என்று நினைத்தேன். மகளின் உடம்பில் அது இத்தனை மாதம் கிடந்ததே என்று நினைத்தேன்.

தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குமாண்ணே?" என்றாள்.

அவள் குனிந்து, துணித் துண்டுகளைக் கூட்டி ஒரு பைக்குள் திணித்தாள். காப்பி கொடுத்தாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி, தண்ணீர் வராததைப் பற்றிப் பேசினாள். தட்டைப் பற்றிப் பேசவில்லை. நான் கிளம்பும்போது, "வெள்ளிக்கிழமை வாரேன், அண்ணிகிட்டச் சொல்லு. காப்பிக்கு ஆளு வேணும்ல," என்றாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்டாள்: "சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னுச்சு?"

"வர்றேன்னா." அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் டாப்பைப் பற்றியும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று பிறகு யோசித்தேன். அந்த நினைப்பைத் தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை. இன்னொருவர் தலையில் இறக்கிவைக்க வேண்டியிருந்தது.

மனைவி நெஞ்சில் கை வைத்தாள். "அடியாத்தீ! நீங்க போட்ட சேலையா? நானும் அங்கதானே நின்னேன், எங்கண்ணுக்கும் தெரியலையே!" மாடிக்கு ஓடினாள். காய்ந்த டாப்பை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். அறையிலிருந்து மகள் வந்தாள். ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். வீட்டில் குரல் உயர்ந்தால் கணக்குக் கேட்பது போலத்தான் பேசுவாள்.

"அதை எங்கம்மா கொண்டுபோறீங்க?"

"இனிமே இதைப் போடாதே. அவ்வளவுதான்."

"ஏன்?"

"கோடித் துணிடி இது!"

"அத்தையும் அதைத்தான் சொன்னாங்க. கோடின்னா என்னதான் அர்த்தம்? அப்பா, சொல்லுங்க. பேப்பர்ல இருந்தவருதானே."

சொன்னேன். பத்திரிகையில் நாங்கள் அந்தச் சொல்லைப் பணத்துக்குத்தான் பயன்படுத்துவோம். இந்த அர்த்தத்தில் நான் அதை ஒரு முறையும் அச்சில் விட்டதாக நினைவில்லை. அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு அம்மாவிடம் கையை நீட்டினாள்.

"இதைப் போட்டுட்டுத்தான் வேலைக்கு இன்டர்வியூ போனேன். வேலை கெடச்சுச்சு. இதைப் போட்டுட்டு நின்னப்பதான் அவங்க என்னையப் பாத்தாங்க. இதுவரைக்கும் என்னம்மா ஆச்சு?"

"இனிமே எதுவும் ஆகக் கூடாதுன்னுதான்டி சொல்றேன்."

"குடுங்க." வாங்கிக்கொண்டாள். அறைக்குள் போகிறவள் நின்று திரும்பினாள். "அத்தைதானே மொதத் தட்டு தூக்குறாங்க?"

மனைவி என்னைப் பார்த்தாள். மகளும் என்னைப் பார்த்தாள். டீப்பாயில் அன்றைய நாளிதழ் கிடந்தது. அதை எடுத்துப் பிரித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு தலைப்பில் ஒற்றுப் பிழை இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை தங்கை முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டாள். வாசல் வழியாக வரவில்லை. பக்கத்துச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். நான் பின்னால் போய்ப் பார்த்தபோது டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நீலத்தில் வெள்ளைப் புள்ளியைக் காணோம். சாம்பல் கோட்டுச் சேலை, சிவப்புப் பூப் போட்ட ப்ளவுஸ்.

"அந்த நீலம் என்னாச்சு?" என்றேன்.

"அடுப்படிக்கு எதுக்குண்ணே நல்லதை?" என்றாள் நிமிராமல். "போ, முன்னால ஆளுக வர்ற நேரம்."

மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்தார்கள். மனைவியின் அக்கா முதல் தட்டோடு நின்றாள். அரக்குப் பட்டு, அதே அரக்கில் ப்ளவுஸ். எல்லாம் ஒழுங்காக நடந்தது. என் மகள் பட்டுச் சேலையில் வந்து மணையில் உட்கார்ந்தாள். சம்பந்தியம்மா அவள் தலையில் பூ வைத்தார். நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு நிமிர்ந்தவர், வரிசையாக நின்றவர்களைப் பார்த்துக் கேட்டார்.

"பொண்ணுக்கு அத்தை எங்க? அந்த டாப்புத் தச்சுக் குடுத்தவங்க. கூப்பிடுங்க, பாக்கணும். எங்க பக்கம் இதுக்கெல்லாம் அத்தைதான் முன்னால நிப்பாங்க."

மகள் தலையைக் குனிந்தபடியே கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தாள். மனைவி, "உள்ள வேலையா இருக்காங்க," என்று ஆரம்பித்து, மீதியை எனக்கு விட்டுவிட்டாள். கூடத்தில் பேச்சுச் சத்தம் அடங்கியிருந்தது. பின்கட்டில் டம்ளர் சத்தமும் நின்றிருந்தது. கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவே ஒரு திரைதான். நான் தங்கையின் பெயரைச் சாதாரணக் குரலில் சொன்னாலே அவளுக்குக் கேட்கும்.

"முதல்ல காப்பி எடுத்துக்கங்க," என்றேன்.

காப்பித் தட்டு வந்தது. மனைவியின் அக்கா மருமகள் எடுத்து வந்தாள். சம்பந்தியம்மா டம்ளரை வாங்கிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். காப்பி நன்றாக இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள்.

நாலரை மணிக்கு வேன் கிளம்பியது. மனைவியும் அவள் அக்காவும் தட்டுகளை எடுத்து வைத்தார்கள். நான் வாசலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மகள் அறையிலிருந்து வெளியே வந்தாள். பட்டைக் களைந்துவிட்டு அந்த டாப்பைப் போட்டிருந்தாள். தலையில் வைத்த பூ அப்படியே இருந்தது. பின்கட்டுக்குப் போய் அத்தையின் பையை வாங்கிக்கொண்டு, அவளைக் கூடத்தின் நடுவே நடத்தி, வாசல் வழியாக அழைத்து வந்தாள். ஸ்கூட்டியைத் தள்ளி வெளியே நிறுத்தினாள்.

"அத்தையைப் பஸ் ஏத்திவிட்டு வாரேன்," என்றாள் அம்மாவிடம்.

தங்கை பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்தாள். "வாரேண்ணே," என்றாள்.

வண்டி தெருமுனையில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டியை ஓட்டியவளின் கையில் இருந்ததும், பின்னால் இருந்தவளின் சேலையில் இருந்ததும் ஒரே சாம்பல் கோடு.